பென்யமீன் ஊருக்குப் பொண்ணு இல்ல

கொஞ்சம் அந்தக் கண்ணாடிய இழுத்து மூடு மக்கா. முன் சீட்டுல இருக்கவன் வெத்தலையப் போட்டுட்டு வெளிய துப்புதான், காத்துல பூரா எம்மேல தெறிக்கி. சீ. ஏ, ஒன்னத்தாம்டே. எறங்குத வரைக்கும் அத வாய்க்குள்ளயே வச்சிருக்க முடியாதா? பாரு, சிரிக்கான். எடுபட்ட பய.

நீ எங்க போற? பாளையங்கோட்டைக்கா? நானும் அந்தப் பக்கந்தான். கண்ணாஸ்பத்திரிக்கு. என்ன அப்படிப் பாக்க? பட்டுச்சீலையா? ஆமா, பட்டுதான். மத்ததெல்லாம் நனைச்சுப் போட்டேன், காயல. பட்டு கட்டிட்டு வந்தா டாக்டரு கண்ணப் பாக்கமாட்டேன்னா சொல்லப்போறாரு?

இன்னைக்கு எம் பேத்திக்குக் கல்யாணம். ஆமா, இன்னைக்கேதான், பத்து மணிக்கு. எங்க வீட்டுக்காரங்க எல்லாரும் காலைலயே வேன் பிடிச்சுப் போயிட்டாவ. நான் போகல. போகமாட்டேன். ஏன்னு கேளு. கல்யாணம் மாப்பிள்ளை ஊரு உடைக்காட்டுவிளைல. அந்தப் பேரு வாயில வந்தாலே எனக்கு ஓங்கரிச்சுட்டு வரும். எங்க ஊரு சாலேம்விளை. எங்க ஊருலேருந்து அந்த ஊருக்கு நாப்பத்தோரு வருசமா ஒரு பொண்ணு போனது கிடையாது. ஒண்ணு கூட. நான் போட்ட சத்தியம் அது.

நீ வேதக்காரப் பிள்ள இல்லையே? பொட்டு வச்சிருக்க. சரி, அப்போ ஒனக்கு முதல்லேருந்துதான் சொல்லணும். பென்யமீன் கோத்திரம்னு கேள்விப்பட்டிருக்கியா? இல்லைல்லா. நல்லது. கேள்விப்படாம இருந்தாலே புண்ணியம்.

யாக்கோபுன்னு ஒருத்தர். அவருக்கு ஆம்பளப் பிள்ளைய மட்டும் பன்னெண்டு. பன்னெண்டு பேரு வழியாவும் பன்னெண்டு கோத்திரம் வந்துட்டு. நம்ம ஊருல வகையறான்னு சொல்லுதோம்லா, அதுமாதிரி வச்சுக்க. அதுல கடைக்குட்டிதான் பென்யமீன். பெறக்கும்போதே தாயத் தின்னவன். அவ பேரு ராகேலு. பாவி மட்ட, போற வழியில நோவு எடுத்து, ரோட்டோரமாப் பெத்துப் போட்டுட்டுச் செத்தா. உசுரு போகும்போது, இவன் என் துக்கத்தோட மகன்னு பேரு வச்சுட்டுப் போனா. அப்பங்காரரு என்ன செஞ்சாரு, அந்தப் பேர மாத்திப்புட்டு, வலதுகையோட மகன்னு வச்சாரு. பேர மாத்திட்டா புத்தி மாறிருமா? அந்த வம்சத்துல வந்தவன் பூரா இடதுகைக்காரன் மக்கா. நான் சொல்லல, வேதமே சொல்லுது. எழுநூறு பேரு, எல்லாவனும் இடதுகை. கவண்ல கல்ல வச்சு எறிஞ்சா ஒரு மயிரிழை தப்பாது. சாகப்போற நேரத்துல அதே யாக்கோபுதான் சொல்லுதாரு, இவன் கடிச்சுக் கொதறுத ஓநாய்னு. பெத்த அப்பனே சொல்லிட்டாரு. இதுக்கு மேல ஆரு சொல்லணும்?

இவன் இருக்கானே, எமீமாளுக்குப் பாத்த மாப்பிள்ளை, எமீமாளுதான் எம் பேத்தி, எமின்னு கூப்பிடுவோம், அவன் பேரு பொன்சிங்கு. மொத மொத வீட்டுக்கு வந்தான். நான் காப்பி கொண்டு நீட்டுதேன், வலதுகை சும்மா மடியில கிடக்கு, இடதுகைய நீட்டி வாங்குதான். எளா, பாத்தியாளான்னு எம் மருமவட்ட சொன்னேன். "அத்த, அவிய வேலை பாக்குத வங்கில கையெழுத்துப் போடுததும் இடதுகைலதான், அதுக்குன்னு வங்கிய மூடிட்டாவளா"ங்கா. எம் மருமவளுக்கு எப்பவும் வாயி. கல்யாணம் ஆகி வந்த புதுசுல ஒரு தடவ நெத்திலிக் கருவாட்டுக் கொழம்புல... சரி அது வேண்டாம், அத ஆரம்பிச்சா பாளையங்கோட்ட வந்துரும்.

கோத்திரத்துக்கு வாரேன். ரொம்ப வருசம் கழிச்சு, ராசாவெல்லாம் வாரதுக்கு முன்னால, நியாயாதிபதிங்க காலம். லேவி கோத்திரத்து ஆளு ஒருத்தன். லேவின்னா கோயில் வேலைக்காரனுவ. அவனுக்கு ஒரு பொம்பள. அவ இவன்ட்ட இருக்கமாட்டேன்னு அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. நாலு மாசம் இருந்தா. இவன் கழுதையும் ஆளுமாத் தேடிட்டு வந்து நிக்கான். அப்பன் நல்ல மனுசன், இன்னைக்கு இருந்து சாப்பிட்டுட்டு நாளைக்குப் போலாம், நாளைக்கு இருந்துட்டு நாளன்னைக்குப் போலாம்னு அஞ்சு நாளு இழுத்தான். எங்க அம்மையும் அப்படித்தான். வந்தவங்கள விடமாட்டா. செருப்பத் தூக்கிப் பரண்ல ஒளிச்சு வச்சிருவா. ஒருத்தரு வெறுங்காலோடயே போயிட்டாரு, அந்தச் செருப்பு எங்க வீட்டுல பத்து வருசம் கிடந்துச்சு.

கடைசில அப்பன் அனுப்பி வச்சுட்டான். போற வழியில இருட்டிட்டு, பென்யமீன்காரனுவ ஊருல தங்குனாவ. ஒரு கிழவன் மட்டுந்தான் வீட்டுல எடம் குடுத்தான். ஊருப் பயலுவ வந்து வீட்ட வளைச்சுட்டானுவ. அதுக்கு மேல ஒண்ணு ஒண்ணா ஒங்கிட்ட சொல்லமாட்டேன், வயசுப் பிள்ள. விடிஞ்சு கதவத் திறந்து பாத்தா, அந்தப் பொம்பள வாசல்ல கிடக்கா. கை ரெண்டும் நடப்படியில இருக்கு. செத்துட்டா.

கருமம். இதப் போயி வேதத்துல ஏன் எழுதி வச்சிருக்குன்னு எங்க ஐயருட்ட, அதான் எங்க சபைக் குருவானவரு, அவருட்டக் கேட்டேன். நீங்க சங்கீதத்த வாசிங்கங்காரு.

மத்தப் பதினோரு கோத்திரமும் கூடி வந்து, செஞ்சவனப் பிடிச்சுக் குடுன்னு கேட்டாவ. குடுக்கமாட்டோம்னுட்டானுவ பென்யமீன்காரனுவ. நம்ம ஊருப் பயலுவ, நாம எப்படிக் குடுக்கன்னு. சண்டை வந்துச்சு. வெட்டிப் போட்டு மிச்சம் அறுநூறு பேரு. அதோட மத்தவங்க எல்லாம் சத்தியம் போட்டாவ, இனி எங்கள்ல ஒருத்தனும் பென்யமீனுக்குப் பொண்ணு குடுக்கமாட்டோம்னு. இங்கதான் மக்கா, இங்கதான் எனக்குக் கிறிஸ்தவளாப் பெறந்ததுக்கு ஒரு சந்தோசம். சரியான சத்தியம்! அதுதான் நானும் போட்டேன்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. பெர்சியாள். என்னவிட ஏழு வயசு எளையவ. அம்மை செத்தப்பறம் நான்தான் வளத்தேன், நான்தான் கெட்டிக் குடுத்தேன், உடைக்காட்டுவிளைல. மாப்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல வேலை. ஊரே நல்ல பையன்னுச்சு. மாலை மாத்துன கொஞ்ச நாள்லயே கைய நீட்ட ஆரம்பிச்சுட்டான். ஒரு நா மத்தியானம் ஒரு பையத் தூக்கிட்டு வந்து நிக்கா. நாலு நாளு வச்சிருந்தேன். நல்லா ஆக்கிப் போட்டேன். சாளை மீனு அவளுக்கு உசுரு. அஞ்சாம் நாளு, ஏட்டி, வாழப்போனவ அங்கனதான் இருக்கணும், எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு, நாள கழிச்சு அதுகள ஆரு கேட்டு வருவான்னு சொல்லி, முந்திரிக்கொத்துப் பலகாரம் செஞ்சு ஒரு டப்பா நெறையப் போட்டு, நானே கூட்டிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்தி விட்டேன். வெறுங்கையோட அனுப்பல. ஒரு டப்பா நெறைய.

மூணாம் நாளு சேதி வந்துச்சு. பெர்சியாள் கிணத்துல கிடக்கான்னு.

வழுக்கி விழுந்துட்டான்னானுவ. அந்த ஊரு பூரா ஒரே வாயாச் சொன்னானுவ, வழுக்கிட்டுன்னு. அவனுவ சபைப் பெரியவங்க, வாத்தியாரு, கிணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி, எல்லாரும். ஒருத்தன் அவ புருசனக் காட்டிக் குடுக்கல. அவனுவளுக்கு நாக்கா அது? அடக்கம் முடிஞ்சு வந்த ஞாயித்துக்கிழமை, எங்க கோயில்ல ஆராதனை முடியும்போது நான் எந்திச்சு நின்னேன். சாலேம்விளைப் பொண்ணு இனி ஒண்ணு உடைக்காட்டுவிளைக்குப் போகக்கூடாது, குடுக்கவன் வீட்டுல நான் தண்ணி குடிக்கமாட்டேன்னேன். அப்போ இருந்த ஐயரும் ஆமென்னு சொன்னாரு. ஊரே சொல்லிச்சு. நாப்பத்தோரு வருசம். அங்க முப்பத்தஞ்சு, நாப்பது வயசுல முரட்டுப் பயலுவ பொண்ணு கெடைக்காம சைக்கிள்ல சுத்திட்டு அலைஞ்சானுவ. எங்க சித்தப்பா ஒருத்தரு, அந்த ஊரு மாம்பழம்னு தெரியாமத் தின்னுட்டு, தெரிஞ்ச பொறவு வாயில வெரல விட்டு வாந்தி எடுத்தாரு. அவருதான் ஆம்பள.

இப்போ எம் மவன் சொல்லுதான், "அம்மா, அது வேற குடும்பம். அந்த ஆளுக்கும் பொன்சிங்குக்கும் ஒரு ஒட்டும் இல்ல. அந்த ஆளு செத்தே இருவது வருசம் ஆச்சு." ஊரு அதே ஊருதான டே? அந்தக் கிணத்துத் தண்ணியத்தான குடிக்கான்? இதுக ரெண்டும் எப்படிப் பழகுனுச்சுன்னு கேளேன். பாட்டுப் போட்டி. எல்லாச் சபைப் பிள்ளைகளும் கூடிப் பாடுதாவ, இவ முன்வரிசைல நின்னு பாடிருக்கா, அவன் பாத்திருக்கான். இதுவும் வேதத்துல இருக்கு மக்கா! சத்தியம் போட்டாவல்லா, போட்ட பொறவு பதினோரு கோத்திரமும் ஒக்காந்து அழுதாவளாம், ஐயோ ஒரு கோத்திரம் அத்துப் போவுதேன்னு. அழுதுட்டு ஒரு ஊர அடிச்சு அங்கேருந்து நானூறு பொண்ணு பிடிச்சுக் குடுத்தாவ. எறநூறு கொறையுது. சீலோங்குத ஒரு எடம், அங்க திருவிழால பொம்பளப் பிள்ளைய ஆட வருமாம். போயி ஒளிஞ்சிருந்து ஆளுக்கு ஒண்ணாத் தூக்கிட்டுப் போங்கன்னு பெரியவங்களே யோசன சொல்லுதாவ. அப்பன்மாரு வந்து கேட்டா, நீங்களா குடுத்தீங்க, அவனுவளால்லா எடுத்துட்டுப் போனானுவ, சத்தியம் ஒண்ணும் மீறலன்னு சொல்லிக்கிடலாம்ங்கான். சீ! இதுவும் ஒரு பொழப்பா? போட்ட சத்தியத்துக்குப் பின்வாசல் வைக்கது. அத வாசிச்ச அன்னைக்கு எனக்குக் கஞ்சி எறங்கல.

எனக்கு இவ்வளவு எப்படித் தெரியும்னு பாக்கியா? மாதர் சங்கத்துல வருசா வருசம் வேதப் பரீச்ச வைப்பாவ. இருவத்திரெண்டு வருசமா நான்தான் மொதப் பரிசு. இந்த வருசம் நியாயாதிபதிகள் புத்தகம். எனக்கு இனிப்புச் சாப்பிட்ட மாதிரி. அம்பது கேள்வி, கேள்விக்கு ரெண்டு மார்க்கு. எல்லாம் எழுதிட்டு, மத்ததுக பேனாவக் கடிச்சுட்டு இருக்கும்போது நான் வெளிய வந்து மோரு குடிச்சேன்.

தொண்ணூத்தியெட்டு. ரெண்டாம் பரிசு. ஒரு சோப்பு டப்பா. மொதப் பரிசு ராசபுட்பத்துக்கு, இட்லிக் கொப்பரை. ராசபுட்பம்! பவுலும் சவுலும் ஒரே ஆளான்னு போன வருசம் எங்கிட்டக் கேட்டவ. எனக்குப் போன ரெண்டு மார்க்கு எதுலன்னு கேளு. இந்தா, பேப்பரு பையிலதான் இருக்கு. காட்டுதேன். இருபத்தி ஏழாம் கேள்வி. அந்தப் பொம்பளைய வீட்டுக்கு வெளிய கொண்டு விட்டது ஆரு? நான் எழுதிருக்கேன் பாரு, முத்து முத்தா, பென்யமீன் மனுசர். அதுல போயி செவப்பு மையில ஒரு கோடு.

நேரா ஐயரம்மாட்ட போனேன். ஐயரு சம்சாரம், அவிகதான் பேப்பரு திருத்துனது. சின்னப் பிள்ள, நாசரேத்துப் பக்கம். "ஆச்சி, ஒக்காருங்க, தண்ணி குடிங்க"ன்னா. தண்ணி கிடக்கட்டும், மார்க்கப் போடுன்னேன். "ஆச்சி, ஊர்க்காரனுவ வெளியதான நின்னானுவ? உள்ள வரலையே. கதவு பூட்டி இருந்துச்சு. அந்தப் பொம்பளையப் பிடிச்சு வெளிய விட்டது உள்ள இருந்தவன்"னா. உள்ள இருந்தவனா? எந்த உள்ள இருந்தவன்? "கூட்டிட்டு வந்தவன் ஆச்சி. அவ ஆளு, அந்த லேவியன். தன் உசுரக் காப்பாத்த அவள வெளிய தள்ளிட்டு உள்ள போயிப் படுத்துட்டான். விடிஞ்சப்பறம் ஊரெல்லாம் ஆள் அனுப்பி, எனக்கு அநியாயம் நடந்துட்டுன்னு கூப்பாடு போட்டதும் அவன்தான்"ங்கா.

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். கொன்னவன விட்டுட்டு, கூட இருந்தவனப் பிடிக்கியா நீ? அவன் என்ன செய்வான், வெளிய அம்புட்டு பேரு நிக்கான், அவனுக்கும் பயம் இருக்கும்லா? அதுக்கு அவ மெதுவா, "ஆச்சி, நான் ஒண்ணும் சொல்லல. வேதத்துல அப்படி இருக்கு"ங்கா. அப்பறம் சமாதானத்துக்கு, "பென்யமீனே அத்துப் போயிருந்தா மொத ராசா சவுல் இல்ல, எஸ்தர வளத்த மொர்தெகாய் இல்ல, பவுலே இல்ல ஆச்சி. பவுலும் அந்தக் கோத்திரந்தான்"ன்னா. பவுலப் பத்தி எனக்குச் சொல்லாதன்னுட்டு வந்துட்டேன். அந்தச் சோப்பு டப்பாவ அங்கனயே போட்டுட்டேன். வாசன கூட இல்ல அதுல.

நீ வாசிச்சுப் பாக்கியா? இந்தா வேதம். எனக்குக் கண்ணு தெரியல. பத்தொம்பதாம் அதிகாரம், அந்த ஓரம் மடிச்ச பக்கம். இருவத்தஞ்சாம் வசனம். சத்தமா வாசிக்காண்டாம், பைய வாசி.

ம்.

அந்த மனுசன்னா போட்டிருக்கு? நல்லாப் பாத்தியா? திரும்ப வாசி.

சரி, மூடு. பழைய அச்சு அது. பையில வை.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாவ. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை உண்டுன்னா இப்பவே சொல்லணும்னு. மூணாவது ஞாயித்துக்கிழமை எந்திச்சுத் தடை சொல்லணும்னு நான் முடிவு பண்ணி வச்சிருந்தேன். எமிட்டயே சொல்லிட்டேன். அழல அவ. "சொல்லு ஆச்சி, நீ சொன்னா நான் போகமாட்டேன்"னுட்டா. அப்படி ஒரு பிள்ள. அன்னைக்கு ஐயரு ஓலையை வாசிச்சு, தடை உண்டான்னு கேட்டுட்டு என்னையப் பாக்காரு. ஊரே பாக்கு. ராசபுட்பம் திரும்பி ஒக்காந்தே பாக்கா. எந்திச்சேன். எந்திச்சு நின்னேன் மக்கா. வாயத் தொறக்கேன், ஒரு சத்தம் வரல. சளி. ரெண்டு நாளா நெஞ்சுல சளி கெட்டிக் கிடந்துச்சு. எமி பிள்ளைய வரிசைல இருந்து என்னையவே பாத்துட்டு இருக்கா. அவளுக்கு அப்படியே பெர்சியாள் நெத்தி. ஐயரு அடுத்த பாட்டு நம்பரச் சொல்லிட்டாரு. சளி மட்டும் இல்லாம இருந்திருந்தா இன்னைக்கு இந்தக் கல்யாணம் கிடையாது.

என்னடே கத்துத? என்ன விலக்கு? உடைக்காட்டுவிளை விலக்கா? நிறுத்தம் வந்துட்டா அதுக்குள்ள? ஏ கண்டக்டரு, கொஞ்சம் பொறு. நான் இங்க எறங்கப்போறேன்னு ஒனக்கு ஆரு சொன்னா? டிக்கெட்டா? ஆமா, இங்க வரைக்குந்தான் எடுத்தேன். நீ இப்ப அத ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டு.

சிரிக்காத மக்கா. கல்யாணத்துக்குப் போகல. கோயிலுக்குள்ள காலு வைக்கமாட்டேன். அவன் கையால ஒரு வாய்த் தண்ணி குடிக்கமாட்டேன். இந்தா, சீல முந்தில முடிஞ்சு வச்சிருக்கேன் பாரு, இத எமிட்டக் குடுத்துட்டு அடுத்த வண்டில திரும்பிருவேன். நகையா? நகையெல்லாம் இல்ல. சாவி. எங்க வீட்டுப் பின்வாசல் சாவி. ஒண்ணு எங்கிட்ட இருக்கு, இன்னொண்ணு வெட்டிட்டு வந்தேன். ராத்திரியோ பகலோ, வந்தா அவ கதவத் தட்டிட்டு நிக்கக்கூடாது. அவளாத் தொறந்துட்டு உள்ள வரணும். நான் எந்திச்சு வந்து தொறப்பேனான்னு நம்பிட்டு இருக்கக்கூடாது. காது மந்தம் எனக்கு, தட்டுனா கேக்காது.

இல்ல, அப்போ கேட்டுச்சு. அன்னைக்குக் கேட்டுச்சு. பெர்சியாளப் பஸ்ஸுல ஏத்தி விட்டேன்லா, அடுத்த நிறுத்தத்துல எறங்கி நடந்தே திரும்பி வந்துட்டா. நல்ல வெயிலு. பின்வாசல்ல நின்னு அக்கா அக்கான்னு தட்டுதா. நான் அடுக்களைல இருந்தேன். ஒரு தடவ உள்ள விட்டா பொறவு போகமாட்டான்னு நெனச்சேன். அரிசி பொடச்சுட்டு இருந்தேன். பொடச்சுட்டே இருந்தேன். அப்பறம் சத்தம் நின்னுட்டு.

அது கிடக்கட்டும். பொண்ணு குடுக்கமாட்டேன்னுதான நான் சத்தியம் போட்டேன்? பொண்ண எம் மவன் குடுக்கான், அது அவன் பாடு. சாவி குடுக்கமாட்டேன்னு நான் எங்கயும் சத்தியம் போடல. போட்டிருக்கேனா, நீயே சொல்லு.

அந்தப் பைய எடு. சீ, இந்தப் படி பூரா வெத்தல எச்சி. கைப்பிடியக் கூடப் பிடிக்க முடியல, ஒரே பிசுபிசுப்பு. பட்டுச்சீல நாசமாப் போவும். ஏ கண்டக்டரு, தள்ளாதடே. கைய எடு. நானே எறங்குதேன்.